இறகுத் தொப்பியில் தொடங்கி, சோளன் பாத்தியில் வந்து நின்ற கதை

2019 ஜனவரி. மகளை விடப் போனபோது பள்ளிக்கூட வாசலில் ‘தமிழ் மரபுத் திங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே தாஜ்மகால் படம். பக்கத்தில் சேலை கட்டிய ஒரு ஹிந்தி நடிகை. காலை அறிவித்தல் முடிந்ததும் ஒலிபெருக்கியில் பொலிவூட் பாட்டு ஒன்று போட்டார்கள் என்று மகள் பின்னேரம் வந்து சொன்னாள். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து ஸ்காபுரோவில், வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகளாக இருக்கிற பள்ளிக்கூடத்தில்! அன்று இரவு பெற்றோரின் வட்ஸ்அப் குழு கொதித்தது. ஒரு தமிழ்ப் பெற்றோரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நீளமாக எழுதிப் போட்டவள் நான்தான்.

அதே வருடம் ஜூன் மாதம் நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஜூன், கனடாவில் பூர்வகுடிகளின் வரலாற்று மாதம், 21ஆம் திகதி அவர்களுக்கான தேசிய நாள். பெற்றோர் கவுன்சிலில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன், ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை வேறு. டொலர் கடையில் கலர் மட்டை வாங்கி, மூன்று இரவு கண் முழித்து இருநூறுக்கு மேல் இறகு வெட்டி, நாடாவில் ஒட்டி, இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு இறகுத் தொப்பி செய்து கொடுத்தேன். கன்னத்தில் சிவப்புக் கோடு கூடப் போட்டுவிட்டோம். எல்லாரும் வாயில் கையை அடித்து ஊ ஊ என்று கத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். படம் எடுத்துக் குழுவில் போட்டேன், நாற்பது இதயம் விழுந்தது.

அடுத்த நாள் காலை வாசலில் ஒரு தாய் என்னை மறித்தார். தன் மகனும் அந்த வகுப்பில்தான் படிக்கிறான், தாங்கள் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள் என்றார். எனக்குத் தெரியாது, வகுப்பு ஆசிரியைக்கும் தெரியாது. அவர் சண்டை பிடிக்கவில்லை. அந்த இறகு ஒவ்வொன்றும் ஒருவர் தன் சமூகத்துக்குச் செய்த காரியத்துக்காகக் கிடைப்பது, நீங்கள் செய்தது போன்ற பெரிய தலையணி மேற்கே சமவெளியில் வாழ்கிறவர்களுடையது, இந்த ஏரிக்கரை மக்களுடையதே இல்லை என்று சொல்லிவிட்டு, ‘மகன் நேற்று அந்தத் தொப்பியைக் குப்பையில் போட்டுவிட்டு ஒன்றும் கதைக்காமல் படுத்துவிட்டான்’ என்றார். எனக்கு உடனே தாஜ்மகால்தான் ஞாபகம் வந்தது. தாஜ்மகாலாவது பரவாயில்லை, அதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளை ஒன்றும் பேச்சு மூச்சில்லாமல் படுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருடங்களாக இந்த வேலையில் ஏதோ ஒரு மூலையில் நிற்கிறேன். நான் ஆசிரியையும் இல்லை, பூர்வகுடியும் இல்லை, ஒரு தாய், கவுன்சிலில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். இப்போது நிறையப் பள்ளிக்கூடங்களின் கவுன்சிலில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், செப்டெம்பரும் நவம்பரும் ஜூனும் வந்தால் ‘நீங்கள் ஏதாவது செய்யுங்களேன்’ என்று அதிபர் உங்களைத்தான் பார்ப்பார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள் இருக்கிற பிரச்சினையைச் சொல்கிறேன், அதாவது எங்கள் தமிழ்.

பள்ளிக்கூட அறிவித்தலைத் தமிழில் மாற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. ‘செவ்விந்தியர்’ என்று நாங்கள் ஊரில் படித்த சொல்லைத் தூக்கி எறிய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. இந்தியாவைத் தேடி வந்தவன் வழி தவறிப் போய் வைத்த பெயர், அதற்கு மேல் தோலின் நிறம் வேறு. பூர்வகுடிகள் என்று எழுதினேன். அதற்குள் மூன்று பிரிவு இருக்கிறது: முதற்குடிகள், வடக்கே இனுயிற் மக்கள், மேற்றி மக்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. சரி, இதுவரை பரவாயில்லை. பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் பேச வருகிறார் என்பதை ‘முதியவர் ஒருவர் வருகிறார்’ என்று எழுதிவிட்டேன், அது ஏதோ வயது போனவர்களுக்கான நிகழ்ச்சி என்று நினைத்து அம்மம்மாமார் ஆறு பேர் வந்து முன் வரிசையில் இருந்துவிட்டார்கள். (வந்தது நல்லதாகப் போயிற்று, அது வேறு கதை.) வயதை வைத்து வருவதில்லை அந்தப் பெயர், அறிவையும் பொறுப்பையும் பார்த்து அவர்களுடைய சமூகம் ஏற்றுக்கொண்டால்தான் வரும். ஐம்பது வயதிலும் ஒருவர் அப்படி இருக்கலாம். தினமும் காலையில் பிள்ளைகள் சொல்கிற நில வாசகத்துக்கு ‘நில அங்கீகாரம்’ என்று எழுதினால் காணி உறுதிக்கு முத்திரை குத்துவது போலக் கேட்கிறது. கடைசியில் ‘இது யாருடைய நிலம் என்று நினைவுகூரும் வாசகம்’ என்று நீட்டி எழுதினேன், நீளமாக இருந்தாலும் எல்லாருக்கும் விளங்கியது.

ஆனால் என்னை உண்மையாகவே மாட்டிவைத்த சொல் நல்லிணக்கம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றி, கனடாவில் 2008 முதல் 2015 வரை விசாரித்த ஆணைக்குழுவின் பெயரில் உண்மையும் நல்லிணக்கமும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30 நாளின் பெயரிலும் அப்படியே. அகராதிப்படி சரியான சொல். ஆனால் 2010இல் கொழும்பு வைத்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ ஞாபகத்தில் இருக்கிற ஒருவரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். என் மாமனார் அறிவித்தலை வாசித்துவிட்டு, ‘இங்கையும் துவங்கிட்டினமோ’ என்று மடித்து மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்லோடு நிறுத்தாமல் ஒரு வரி சேர்த்தேன்: இந்த ஆணைக்குழு ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்களின் வாயால் கேட்டு எழுதியது, செய்ய வேண்டிய 94 காரியங்களைப் பட்டியல் போட்டது, அதில் 62ஆவது இதைப் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கச் சொல்கிறது, அதனால்தான் இந்த அறிவித்தல் உங்கள் கையில் இருக்கிறது. மாமனார் அந்த 94இல் எத்தனை முடிந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி, பிள்ளைகளும் அதையே கேட்டார்கள்.

அடுத்த முட்டுக்கட்டையும் எங்களுடையதுதான். வதிவிடப் பள்ளி என்றதும் எங்கள் பெரியவர்களுக்கு யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடமும் போர்டிங்கும்தான் கண்ணுக்கு வரும். ‘நாங்களும் போர்டிங்கில இருந்துதானே படிச்சனாங்கள், சாமிமார் எவ்வளவு நல்லா வைச்சிருந்தவை’ என்று ஒரு அன்ரி கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. அதனால் கோபப்படாமல் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அன்ரி, உங்களை அப்பாதான் காசு கட்டிச் சேர்த்தார், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தீர்கள், வீட்டில் தமிழில்தான் கதைத்தீர்கள். இங்கே 1920இல் சட்டத்தைத் திருத்திப் பிள்ளைகளைக் கட்டாயமாக எடுத்துப் போனார்கள், மறித்த தாய் தகப்பனுக்குத் தண்டனை, தாய்மொழி கதைத்த பிள்ளைக்கு அடி. 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வரவேயில்லை. அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்ப அதுக்குப் பள்ளிக்கூடம் எண்டு பேர் வைச்சதே பிழை’ என்றார்.

பள்ளிக்கூடம் என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று. ஒன்ராறியோவில் நாங்கள் காசு கட்டாமல் பிள்ளைகளைப் படிப்பிக்கிற இந்தப் பொதுக் கல்விக்கு அடித்தளம் போட்டவர் எகேர்ட்டன் ரயர்சன். அதே மனிதர்தான் 1847இல் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தனியாக வதிவிடத் தொழிற்பள்ளிகளில் வைத்துப் படிப்பிக்கச் சொல்லி அரசுக்கு எழுதிக் கொடுத்தவர். 2021 ஜூனில் ரொறன்ரோ நகரத்தில் அவருடைய சிலையை இழுத்து விழுத்தினார்கள், அடுத்த வருடம் அவர் பெயரில் இருந்த பல்கலைக்கழகமே பெயரை மாற்றிக்கொண்டது. என் மகள் இதைக் கேட்டுவிட்டு ‘அப்போ எங்கட ஸ்கூலையும் அவர்தான் தொடங்கினவரா’ என்றாள். ஒரு வகையில் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

2021 மே கடைசியில் கம்லூப்ஸ் செய்தி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய வதிவிடப் பள்ளியின் வளவில் ரேடார் வைத்துப் பார்த்து, இருநூறு வரையான பிள்ளைகளின் புதைகுழிகள் இருக்கலாம் என்று அந்த மண்ணின் மக்கள் அறிவித்தார்கள். கோவிட் காலம், பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் கணினிக்கு முன்னால். எந்த வயதுக்கு எதைச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முழுச் செய்தியையும் காட்டிவிட்டார்கள், ஒரு பெடியன் இரண்டு கிழமை பள்ளிக்கூடம் திறந்தால் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான், நம்புங்கள். நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட வழி சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டையின் கதை. பிலிஸ் வெப்ஸ்டட் என்ற பெண், 1973இல் ஆறு வயதில் வதிவிடப் பள்ளிக்குப் போகிறார், பாட்டி வாங்கிக் கொடுத்த புத்தம் புதிய செம்மஞ்சள் சட்டையோடு. முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், பிறகு கொடுக்கவேயில்லை. 2013இல் அவர் இதைச் சொல்லப் போய்த்தான் செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் சட்டை போடும் வழக்கம் வந்தது. இந்தக் கதை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், ஏனென்றால் அம்மம்மா வாங்கித் தந்த சட்டை என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். சாவைப் பற்றிய பேச்சு ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் பிறகு, அதுவும் பெற்றோருக்கு முதல் நாளே கடிதம் அனுப்பிவிட்டு.

சட்டையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் 30 மத்திய அரசுக்கு விடுமுறை, ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் உண்டு. செப்டெம்பர் 29 இரவு ஒன்பது மணிக்கு ‘நாளைக்கு செம்மஞ்சள் சட்டை வேணுமாம்’ என்று பிள்ளை சொல்லும். கிடைத்த கடையில் கிடைத்த சட்டையை வாங்காதீர்கள், லாபம் யாருக்குப் போகிறது என்று சட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள், பூர்வகுடிக் கலைஞர் வரைந்த படமா, களவெடுத்த படமா என்று பாருங்கள். வாங்க வசதியில்லாத வீடுகளும் இருக்கின்றன. நாங்கள் பழைய வெள்ளைச் சட்டைகளைச் சேர்த்து ஆகஸ்ட் மாதமே சாயம் போட்டு வைத்துவிடுவோம். என் குளியல் தொட்டி இன்னும் லேசாகச் செம்மஞ்சள்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இரண்டு வருடமாகச் சுவரொட்டி, காணொளி, கைவேலை என்று செய்தும் பிள்ளைகளுக்கு இது எங்கேயோ தூரத்தில் எப்போதோ நடந்த கதையாகத்தான் இருந்தது. ‘மிசிசாகா அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் மக்களின் நிலத்தில் இருக்கிறோம்’ என்று தினமும் காலையில் தேவாரம் ஒப்பிப்பது போல ஒப்பித்தார்கள். வென்டாட் மக்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் கண்ணைக் கண்ணை முழிப்பார்கள். எனக்கும் தெரியாது. தேடப் போனால், லோரன்ஸ் வீதியில் 54ஆம் நம்பர் பஸ்ஸில் நாங்கள் எத்தனையோ தரம் தாண்டிப் போன பெலமி சந்திக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே ஒரு புல் மேடு. ரேபர் ஹில் என்று பெயர். பனிக்காலத்தில் சறுக்கி விளையாட நல்ல இடம் என்று நானே ஒருமுறை நினைத்திருக்கிறேன். 1956இல் வீடு கட்டுவதற்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்களின் எலும்புகள். 14ஆம் நூற்றாண்டு வென்டாட் மக்களின் கூட்டு அடக்கத் தலம். அவர்கள் ஒரு கிராமத்தில் இருபது முப்பது வருடம் விவசாயம் செய்து மண் களைத்துப் போனால் கிராமத்தையே இடம் மாற்றுவார்கள், போகும்போது அதுவரை இறந்த தங்கள் ஆட்களின் எலும்புகளை எல்லாம் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, பெரிய சடங்கும் விருந்தும் நடத்தி ஒரே குழியில் ஒன்றாகச் சேர்த்து வைப்பார்கள். தனித்தனியாக இல்லை, எல்லாரும் கலந்து.

2022 ஜூனில் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனோம். போகும் வழியில் வீதிப் பலகையில் இந்தியன் மவுண்ட் கிரசென்ற் என்று இருந்தது, அதாவது ‘இந்தியன் மேடு வளைவு’. ‘இந்தியன் ஏன்?’ என்று ஒரு பிள்ளை கேட்டது, பெயரைப் பற்றிய பாடம் அங்கேயே தெருவில் நடந்து முடிந்தது. மேட்டில் ஒரு பெரிய கல், அதில் ஒரு தகடு. சுற்றிவர வீடுகள், ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார், எங்கேயோ பார்பிக்யூ மணம். வகுப்பிலேயே பெரிய குழப்படிக்காரன் ஒருவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். யாரும் சொல்லவில்லை. ஏன் கழற்றினாய் என்று கேட்டதற்கு, ‘ஆட்கள் இருக்கினம்தானே’ என்றான்.

அங்கே போகிறவர்களுக்கு: அது ஒரு சுடலை, பூங்கா மாதிரி நடக்க விடாதீர்கள். மேட்டின் மேல் ஏறி ஓட வேண்டாம், சாப்பாட்டை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மீன் பற்றிஸும் ஜூசும் தொம்சன் பூங்காவில் வைத்துக் கொடுத்தோம். அந்த மக்கள் அழிந்துவிட்டார்கள் என்றும் சொல்லாதீர்கள். 1649, 1650 போர்களில் சிதறிப் போனவர்களின் சந்ததியினர் இன்று கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் வென்டாக்கேயில் இருக்கிறார்கள். அதைச் சொன்னபோதுதான் பிள்ளைகளின் முகம் கொஞ்சம் மாறியது.

அந்த வருடம் இன்னொரு பிழையும் பிடிபட்டது. எங்கள் சுவரொட்டியில் 1787, 1805 ரொறன்ரோ கொள்வனவு, பத்து ஷில்லிங்குக்கு வாங்கிய நிலம், 2010இல் 145 மில்லியன் டொலருக்குத் தீர்த்த வழக்கு என்றெல்லாம் அழகாக எழுதி ஒட்டியிருந்தோம். எல்லாம் உண்மை, ஆனால் எங்கள் நிலம் இல்லை! அந்த உடன்படிக்கை நகரத்தின் மேற்கு, நடுப் பகுதிக்கு. ஸ்காபுரோ 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருகிறது. அதில் ஏழு சமூகங்கள், வேட்டையாடும், மீன் பிடிக்கும் உரிமை கூடப் பறிபோய், 2018இல்தான் 1.1 பில்லியன் டொலருக்குத் தீர்வு வந்து அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த ஏழில் ஒன்றான ஸ்கூகொக் தீவு மக்கள் எங்களிடமிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே இணையத்தில் ‘ரொறன்ரோ’ என்று போட்டு வருவதை அப்படியே எடுத்து ஒட்டாமல், உங்கள் பள்ளிக்கூடத்தின் முகவரிக்கு எந்த உடன்படிக்கை என்று பாருங்கள். நவம்பர் முதல் கிழமை ஒன்ராறியோவில் உடன்படிக்கைகள் வாரம், இதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

‘நாங்களே அகதியா வந்து நிக்கிறம் தங்கச்சி, நாங்கள் ஆரின்ர காணியைப் பிடுங்கினனாங்கள்?’ என்று கேட்கிற அண்ணைமார் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். நான் இப்போது வாதாடுவதில்லை. அண்ணை, உங்கள் மார்க்கம் வீதி வீட்டு உறுதியைப் பின்னால் பின்னால் தேடிக்கொண்டு போனால் கடைசியில் அந்தக் கடுதாசியில்தான் வந்து நிற்கும், உறுதியைச் சரியாக வாசிக்கிற ஆட்கள்தானே நாங்கள், என்பேன். காணிப் பிரச்சினை எங்கள் ஆட்களுக்கு விளங்காமல் போகாது.

சரி, ஆட்களை அழைப்பது. இதில்தான் கூடுதலான பிழை நடக்கிறது. ஜூன் 21க்கு ஜூன் 10ஆம் திகதி தொலைபேசி எடுத்து ‘ஒருத்தரை அனுப்புங்கோ’ என்றால் யாரும் வரமாட்டார்கள், எல்லாப் பள்ளிக்கூடமும் அதே நாளைத்தான் கேட்கும். பெப்ரவரியில் கேளுங்கள். ரொறன்ரோ பாடசாலைச் சபைக்குள்ளேயே நகரப் பூர்வகுடிகள் கல்வி மையம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். அனிஷினாபே பெரியவர் ஒருவரிடம் ஏதாவது கேட்கும்போது சிறிது புகையிலையைத் துணியில் முடிந்து கொடுத்துக் கேட்பது முறை. எங்களுக்கு வெற்றிலை வைத்து அழைப்பது போல என்று சொன்னால் அம்மம்மாமாருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். எல்லாருக்கும் இந்த முறை இல்லை, இனுயிற் மக்களுக்கு இது வழக்கமில்லை, அதனால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்ப் புகையிலை கேட்டபோது கடைக்கார அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘பிள்ளை, எப்ப துவங்கினது?’ என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன், இன்னும் மோசமாகிவிட்டது.

வந்தவருக்குக் காசு கொடுக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. நாங்கள் 300 டொலர் ஒதுக்கியிருந்தோம், படிவம் நிரப்பி ஒரு அலுவலகத்துக்கு அனுப்பிக் காசோலை வர ஏழு கிழமை. அவர் இரண்டு பஸ் மாறி வந்து மூன்று வகுப்புக்குப் பேசிவிட்டுப் போனவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது கவுன்சில் காசிலிருந்து முதலிலேயே எடுத்து உறையில் வைத்துவிடுகிறோம், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம். வாகனத்தில் கூட்டி வரவும் ஒருவரை ஒழுங்கு செய்கிறோம்.

சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டும் சடங்கு செய்வதாக இருந்தால் பராமரிப்பாளரிடம் இரண்டு நாள் முன்னரே சொல்லுங்கள், தீ எச்சரிக்கை மணி அடித்தால் முழுப் பள்ளிக்கூடமும் வெளியே நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் பாருங்கள். பெற்றோருக்கும் எழுதுங்கள். எழுதாமல் விட்ட வருடம், மகனின் ஜக்கெற்றில் கஞ்சா மணக்கிறது என்று ஒரு தகப்பன் அதிபரிடம் ஓடி வந்தார். அது எங்கள் சாம்பிராணி மாதிரி என்று விளங்கப்படுத்தியதும், ‘அப்ப வெள்ளிக்கிழமையிலை செய்யலாமே’ என்று விட்டுப் போனார்.

அந்தப் பெரியவர் வந்தது ஜீன்ஸும் ராப்ரர்ஸ் தொப்பியும் போட்டுக்கொண்டு. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். ‘நீங்கள் உண்மையா அவையோ?’ என்று ஒரு பெடிச்சி கேட்டே விட்டாள். அவர் சிரித்துவிட்டு, ‘நீ உண்மையாகவே தமிழா, சேலையைக் காணவில்லையே?’ என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் மூன்று வருடமாகச் சொல்ல முயன்றதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

கேள்வி நேரத்தில் எங்கள் ஆட்கள் செய்த ஒரு காரியத்தையும் எழுதத்தான் வேண்டும். பெற்றோர் இரண்டு பேர் எழும்பி, 83இல் இருந்து தொடங்கித் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் தனியாக, கோபமில்லாமல், ‘இங்கே நிறையப் பேர் என் காயத்துக்குத் தங்கள் காயத்தால் பதில் சொல்கிறார்கள்’ என்றார். அதிலிருந்து, கேள்வி மட்டும்தான், கதை வேண்டாம் என்று முதலிலேயே தமிழில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கதைக்கு மே மாதம் இருக்கிறது, ஜனவரி இருக்கிறது. தேநீர் நேரத்தில் அவரே கேட்டால் சொல்லுங்கள், கேட்டார், சொன்னார்கள், அது நன்றாகவே போனது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் அதை எழுப்பி ‘உங்கள் வழக்கத்தைச் சொல்’ என்று கேட்கக் கூடாது. இறகுத் தொப்பியைக் குப்பையில் போட்ட அந்தப் பையனை ஒரு ஆசிரியை அப்படிக் கேட்டு, அடுத்த நாள் அவன் வரவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் யாராவது ‘சண்டையைப் பற்றிச் சொல்லு’ என்றால் எப்படி இருக்கும், அதேதான்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். 2023 பெப்ரவரியில் ரொறன்ரோ பாடசாலைச் சபை வாக்கெடுத்து, 11ஆம் வகுப்பு ஆங்கிலத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களைப் படிக்கும் பாடமாக மாற்றியது. ‘ஷேக்ஸ்பியர் இல்லாமல் யூனிவர்சிற்றி எடுக்குமோ’ என்று பதற வேண்டாம், அது 11ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடமாகவே கணக்கில் வரும்.

கடைசியாகப் பாத்தி. 2023இல் மூன்று சகோதரிகள் தோட்டம் போட்டோம். சோளன், போஞ்சி, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் வளர்ப்பது ஹோடெனோஷோனி மக்களின் பழைய முறை. சோளன் தண்டில் போஞ்சி ஏறும், போஞ்சி வேர் மண்ணுக்குத் தழைச்சத்துக் கொடுக்கும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையையும் விடாது. பிள்ளைகள் மூன்று விதையையும் ஒரே நாளில் நட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த உரும்பிராய் ஐயா ஒருவர், ‘சோளன் ஒரு சாண் வரட்டும், இப்பவே போஞ்சியை விட்டால் அது சோளனைச் சரிச்சுப் போடும்’ என்றார். யாரும் கேட்கவில்லை. சரித்துத்தான் போட்டது. செப்டெம்பரில் வந்த பெரியவரும் பாத்தியைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார், இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்திலும் கையிலுமாக அரை மணித்தியாலம் விதையைப் பற்றிக் கதைத்தார்கள். நாங்கள் ஒழுங்கு செய்த நிகழ்ச்சி எதையும் விட அந்த அரை மணித்தியாலத்தைத்தான் பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள்.

மகள் இந்த ஜூனோடு எட்டாம் வகுப்பை முடிக்கிறாள், நானும் கவுன்சிலை விட்டு வருகிறேன். எனக்குப் பிறகு வருகிறவருக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான். சோளனை விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பிறகு நடவும், அதற்கு முன் பனி எரித்துவிடும். ஒரே வரிசையாக நடாமல் சதுரமாக நடவும், காற்றில்தான் மகரந்தம் போகும், வரிசையாக நட்டால் பொத்தியில் மணி பிடிக்காது. போஞ்சி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, பூசணி அதற்கும் ஒரு கிழமை பிந்தி. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் வெளிக்குழாயையும் பூட்டிவிடுவார்கள், திறப்பைப் பராமரிப்பாளரிடம் முன்னரே வாங்கி உரும்பிராய் ஐயாவிடம் கொடுக்கவும், அவர்தான் யூலை, ஆகஸ்ட் தண்ணீர் விடும் அட்டவணை வைத்திருக்கிறார், எட்டு அம்மம்மா அப்பப்பாமார் பெயர் இருக்கிறது. ரக்கூனுக்கு வலை போட்டாலும் வரும். போன வருடம் அது எங்களுக்கு விட்டுவைத்தது பதினொரு பொத்தி. எட்டைச் சூப் வைத்துக் குடித்தோம், மூன்றைக் காயவைத்து உதிர்த்து ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு ஆசிரியர் அறைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். எறிந்துவிட வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறேன்.